கல்லாய்க் கனக்கும் தோள்கள்: வாசகர் கேள்வி, யோகா பதில்

தோள் பிடிப்பு பற்றி வந்த கடிதங்களில் ஏழு பேரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எல்லாப் பதிலுக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறோம். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளந்தால், பயிற்சியின்போது அது மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் எழும்போது வலி கூடியிருந்தால் முதல் நாள் செய்தது அதிகம் என்று பொருள், அளவைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை. நாள் முழுக்க இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மாலை நான்கு மணிக்கெல்லாம் பிடரியிலிருந்து தோள் வரை கல்லாக இறுகிவிடுகிறது. கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து இழுத்துவிட்டால் பத்து நிமிடம் சுகமாக இருக்கும், பிறகு பழையபடிதான். எந்த ஆசனம் செய்தால் இது விடும்? (வாசகி, 38, பாசிர் ரிஸ்)

பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. இறுகிய இடத்தை இழுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் தோளுக்கு இழுப்பு போதாமல் இல்லை. அது வேலைப் பங்கீட்டில் ஏமாந்து போயிருக்கிறது.

முதுகின் மேற்புறம் ட்ரபீசியஸ் என்றொரு தசை, காற்றாடிப் பட்டம் போல விரிந்து கிடக்கிறது. மேல் முனை மண்டையோட்டின் பின்புறம், பக்க முனைகள் இரண்டு தோள்கள், கீழ் முனை நடு முதுகுக்குச் சற்றுக் கீழே. பட்டத்தின் மேல் பகுதி தோளைத் தூக்கும். கீழ்ப் பகுதி தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும். மவுசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மேல் பகுதி எட்டு மணி நேரம் ஓயாமல், சிறிய அளவில், வேலை செய்கிறது. கீழ்ப் பகுதி தூங்குகிறது. முன்பக்கம் மார்புக்குள்ளே இருக்கும் பெக்டொராலிஸ் மைனர் என்ற சிறு தசை சுருங்கித் தோளை முன்னே இழுக்கிறது. தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. அது திரையை நோக்கி முன்னே போகப் போக, பிடரித் தசைதான் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் கயிற்றை நீங்கள் மேலும் இழுக்கிறீர்கள். அதனால்தான் சுகம் தங்குவதில்லை.

ஆகவே முன்பக்கத்தைத் தளர்த்த வேண்டும், பட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் மூச்சைச் சரிசெய்ய வேண்டும்.

மூச்சிலிருந்து தொடங்குவோம். தரையில் மல்லாந்து படுத்து, இரு கெண்டைக்கால்களையும் சோபாவின் மேல் போடுங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கு வழியே நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வயிற்றுக் கை எழ வேண்டும். மார்புக் கை கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். மூன்று நிமிடம் போதும். நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கி மார்பால் சுவாசிப்பவருக்கு, கழுத்துத் தசை அத்தனை முறை தேவையில்லாத வேலை செய்கிறது. பரபரப்பான வேலையில் இருப்பவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம்.

அடுத்து, குளிக்கும் துண்டு ஒன்றை நீளவாக்கில் இறுக்கமாகச் சுருட்டுங்கள், 8 செ.மீ. தடிமன் இருக்கட்டும். அதன் மேல், தலையிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு பொருந்துமாறு படுங்கள். முட்டியை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி விட்டுவிடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தால் போதும், தோள்கள் தம் எடையாலேயே தரையை நோக்கி இறங்கும். விலா எலும்பு மேலே துருத்தி இடுப்பு வளைந்தால் மார்பு திறக்கவில்லை, முதுகுதான் வளைகிறது. துண்டை மெலிதாகச் சுருட்டுங்கள். தாடை மேலே தூக்கிக்கொண்டால் தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். விரல்கள் மரத்தால் கைகளை இடுப்புப் பக்கமாக இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். குப்புறப் படுத்து, மடித்த துண்டில் நெற்றியை வையுங்கள். கைகள் உடலை ஒட்டி, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கட்டும். மூச்சை விட்டபடி தோள்பட்டை எலும்புகளைக் கால்சட்டையின் பின்பாக்கெட் இருக்கும் திசைக்கு நகர்த்தி, கைகளைத் தரையிலிருந்து 3 அல்லது 4 செ.மீ. மட்டும் தூக்குங்கள். நெற்றி துண்டிலேயே இருக்கட்டும். ஐந்து மூச்சு நின்று இறக்குங்கள், ஆறு முறை. இது சலபாசனத்தின் மேல் பாதி. ஒரு வாரம் கழித்து கைகளைப் பக்கவாட்டில் நீட்டிச் செய்யுங்கள். அதற்கடுத்த வாரம் தலைக்கு மேல் சாய்வாக நீட்டி. நடு முதுகில், பிளவுஸ் முதுகு முடியும் இடத்துக்கு அருகே, சூடு தெரிய வேண்டும். கழுத்தில் தெரிந்தால் அதே பழைய தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது, உயரத்தைக் குறையுங்கள். ஒரு செ.மீ. தூக்கினாலும் சரியான தசை தூக்கினால் அது போதும்.

முடிவில் சமையலறை மேடையின் விளிம்பைப் பிடித்துப் பின்னே நடந்து, இடுப்பை மடக்கி, உடலைத் தரைக்கு இணையாகக் கொண்டு வாருங்கள். அர்த்த உத்தானாசனத்தின் எளிய வடிவம் இது. காதுகள் கைகளுக்கு நடுவே இருக்கட்டும். தொடையின் பின்புறம் இழுத்தால் முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். எட்டு மூச்சு. மார்பைக் கைகளுக்குக் கீழே தொங்கவிடுவது நல்ல நீட்சி போலத் தோன்றும். தளர்ந்த மூட்டுக்காரர்களுக்கு அதுவே புது வலியைக் கொண்டு வரும்.

எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் செய்தால், நான்கு முதல் ஆறு வாரத்தில் மாலை நான்கு மணி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள். மேசை உயரமும் முக்கியம்: முழங்கை 90 பாகையில் மடங்கி, தோள் தூக்காமல், கை விசைப்பலகையில் படிய வேண்டும். நாற்காலியை உயர்த்தியதும் பாதம் தரையை விட்டு எழுந்தால் கீழே ஒரு பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திரைகளில் அதிகம் பார்ப்பது எதுவோ அது நேர் எதிரே இருக்கட்டும். நடுவில் இடைவெளி விட்டு இரண்டையும் இருபுறம் வைத்தால் கழுத்து நாள் முழுக்கத் திரும்பியே இருக்கும்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக நீரிழிவு. நான்கு மாதமாக இடது தோளில் வலி. இப்போது பின்னால் கை போகவே மாட்டேன் என்கிறது. பிளவுஸ் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சமூக மன்ற யோகா வகுப்பில் துண்டைப் பிடித்து கோமுகாசனம் செய்யச் சொல்கிறார்கள். வலித்தாலும் விடாமல் செய்தால் திறந்துகொள்ளும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, 54, அங் மோ கியோ)

வேண்டாம், அக்கா. இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது தசை இறுக்கம் போல இல்லை. 'உறைந்த தோள்' என்று சொல்லும் நிலையின் அடையாளங்கள் இருக்கின்றன. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுவதுதான் அது. 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்கு அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கி, முன்கைகளைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் விரியுங்கள். வலது கை எவ்வளவு போகிறது, இடது எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் கவனியுங்கள். பிறகு மகளை இடது கையைப் பிடித்து மெதுவாக, வலி வரும் முன்பே நிறுத்தி, அதே திசையில் நகர்த்தச் சொல்லுங்கள். தசை மட்டும் பிரச்சினையாக இருந்தால், தானாக நகராத கை பிறர் நகர்த்தும்போது ஓரளவு போகும். உறை சுருங்கியிருந்தால் யார் நகர்த்தினாலும் அதே இடத்தில் சுவர் போல நிற்கும். இந்த வெளிச் சுழற்சிதான் முதலில் குறையும். இதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்; அங்கிருந்து பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். சர்க்கரை அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேச்சு வந்தால், அது சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தக்கூடும் என்பதால் உங்கள் நீரிழிவு மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டு போங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மூட்டை வலுக்கட்டாயமாக இழுத்தால் அழற்சி கூடும். கோமுகாசனத்தில் கீழ்க்கை முதுகுக்குப் பின்னால் போய் முழுமையாக உட்சுழற்சி ஆகிறது. துண்டால் மேலே இழுத்தால் நெம்புகோல் போல அத்தனை விசையும் அந்தச் சுருங்கிய உறையில்தான் விழும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை இரண்டு. வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிடுங்கள். உடலை லேசாக ஆட்டினால் கை தானாக வட்டமிடும். கையைத் தசையால் சுழற்றாதீர்கள், அதை ஆட்ட வேண்டியது உடல். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. மற்றது, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டு மேசை மேல் ஒரு துணியை விரித்து, அதில் கையை வைத்து மேசை துடைப்பதுபோல முன்னே தள்ளி, உடலையும் முன்னே சாய்த்துப் பின்வாங்குவது. பத்து முறை. வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் எளிது. வகுப்புக்குப் போவதை விட வேண்டியதில்லை. பிராணாயாமம், கால் ஆசனங்கள், சவாசனம் எல்லாம் செய்யலாம். சவாசனத்தில் இடது கைக்கடியில் தலையணை வைத்தால் தோள் தொங்காது.

இது சரியாக ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரைகூட ஆகலாம். ஆசிரியரிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் உங்களுக்கு மாற்று ஆசனம் தருவார்.

கேள்வி: வாரம் நான்கு நாள் சூரிய நமஸ்காரம், நாளுக்கு 12 சுற்று. பலகை நிலையிலிருந்து முழங்கையை மடக்கிச் சதுரங்க தண்டாசனத்தில் இறங்கும்போது வலது தோளின் முன்பக்கம் குத்துகிறது. தோளைக் காதிலிருந்து கீழே இழு என்று சொல்வதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். எங்கே தவறு? (வாசகர், 31, பொங்கோல்)

இரண்டு தவறுகள் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்று நீங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் அதே வாக்கியம்.

முதலில் இறங்கும் ஆழம். முழங்கை மட்டத்துக்குத் தோள் வந்ததும் நிற்க வேண்டும். அப்போது மேற்கை தரைக்கு இணையாக இருக்கும். அதற்கும் கீழே போனால் தோள் முன்னே உருண்டு, மேற்கை எலும்பின் தலை முன்பக்கம் தள்ளி, பைசெப்ஸ் தசைநாணை அழுத்தும். நீங்கள் குத்துகிறது என்று காட்டும் இடம் அதுவே. பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். முழங்கை மணிக்கட்டுக்கு நேர் மேலே இருக்கிறதா? பின்னால் போயிருந்தால், இறங்கும் முன் கால்விரல் நுனியால் உடலை முன்னே தள்ளத் தவறுகிறீர்கள். பலரும் நேராகக் கீழே விழுகிறார்கள். முன்னே நகர்ந்துதான் இறங்க வேண்டும்.

ஆறு வாரத்துக்கு முட்டியைத் தரையில் வைத்து இறங்குங்கள். தோள்களுக்கு நேர் கீழே இரண்டு தடித்த தலையணைகளை வைத்தால் எங்கே நிற்பது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். கூடவே, கை நீட்டிய பலகை நிலையில், முழங்கையை மடக்காமல் மார்பை மட்டும் இரண்டு செ.மீ. கீழே விட்டு, பிறகு தரையைத் தள்ளித் தோள்பட்டை எலும்புகளை விரித்து மேலே வாருங்கள். பத்து முறை, இரண்டு தடவை. விலாவின் பக்கவாட்டில் பல்வரிசை போல இருக்கும் செராட்டஸ் தசைக்கான பயிற்சி இது. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிப்பது அந்தத் தசைதான். அது சோர்ந்தவரின் தோள்பட்டை எலும்பு பலகை நிலையில் கோழிச் சிறகு போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்த வாக்கியம். கையைப் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேல் 180 பாகை தூக்கும்போது தோள்மூட்டு தருவது ஏறக்குறைய 120 பாகை. மீதி 60 பாகை, தோள்பட்டை எலும்பே மேல்நோக்கிச் சுழல்வதால் வருகிறது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கும் ஊர்த்துவ ஹஸ்தாசனத்திலும், கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பைத் தூக்கும் அதோமுக சுவானாசனத்திலும் தோளைக் கீழே இழுத்துப் பிடித்தால் அந்த 60 பாகையைத் தடுக்கிறீர்கள். மேலே உள்ள எலும்பு முனைக்கும் மேற்கை எலும்புக்கும் இடையே, தோளைச் சுழற்றும் தசையின் நாண் நெருக்கப்படுகிறது. பலகை நிலையிலும் சதுரங்கத்திலும் 'கீழே' என்பது சரி. கை தலைக்கு மேல் போகும் ஆசனங்களில் தோள் கொஞ்சம் உயரட்டும், அக்குளை முகத்தை நோக்கித் திருப்புங்கள், கழுத்து மட்டும் நீளமாக இருக்கட்டும்.

இன்னொன்று, நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து விரிப்பில் வழுக்கும். வழுக்காமல் இருக்கத் தோளைப் பூட்டிப் பிடிப்போம். பத்தாவது சுற்றில் வலிக்கத் தொடங்கும். கைபடும் இடத்தில் லேசாக ஈரமாக்கிய பருத்தித் துண்டைப் போட்டுப் பாருங்கள். சுட்டுவிரல், கட்டைவிரல் அடிப்பாகங்களில் எடை இருக்கட்டும்.

கேள்வி: பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு. சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்தான் துணி உலர்த்துகிறேன். ஈரத் துணியோடு கழியைத் தூக்கிச் செருகும்போது வலது தோளில் சுரீரென்கிறது. பிறகு அன்று முழுக்க இறுக்கம். (வாசகி, 63, தோ பாயோ)

உங்கள் தோளைவிடக் கழியின் நீளம்தான் இங்கே குற்றவாளி. நீண்ட கழியை ஒரு முனையில் பிடித்து வெளியே நீட்டும்போது, தூர முனையில் தொங்கும் ஒரு ஜீன்ஸ், கைக்கருகே தொங்கும் அதே ஜீன்ஸைவிடப் பல மடங்கு கனக்கும். ஆகவே கனமான துணி உங்கள் பக்கம், கைக்குட்டையும் பிளவுஸும் வெளி முனையில். ஒரு கழிக்குப் பாதித் துணி போதும். இரண்டு முறை போடுங்கள். இயந்திரத்தில் கூடுதலாக ஒருமுறை சுழலவிட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டால் எடை நன்றாகக் குறையும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நின்று, இரு கைகளாலும் கழியைப் பிடித்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, பின்காலிலிருந்து முன்காலுக்கு எடையை மாற்றித் தள்ளுங்கள். முக்காலி மேல் ஏறி நின்று ஒருபோதும் செய்யாதீர்கள்.

துணி போடும் முன் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல நடந்து மேலே போய் இறங்குங்கள், ஐந்து முறை. போட்ட பின் நாற்காலியில் உட்கார்ந்து கருடாசனக் கை: வலது கை கீழே, இடது கை மேலே பின்னி, முழங்கையைத் தோள் மட்டத்துக்குக் கொண்டு வந்து ஐந்து மூச்சு. பிறகு கை மாற்றுங்கள். பின்ன வராவிட்டால் எதிர்த் தோள்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாலே போதும், பலன் அதேதான்.

உங்கள் வயதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. துணி தூக்கும்போது மட்டுமல்லாமல், படியேறும்போதும் வேகமாக நடக்கும்போதும் தோளோ கையோ தாடையோ வலித்து, நின்றால் விட்டுவிட்டால், அது தோள் பிரச்சினையாக இல்லாமல் இதயத்திலிருந்து வரலாம். விரைவில் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், நெஞ்சு அழுத்தம் சேர்ந்தால் ஆசனம் எதுவும் வேண்டாம், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

கேள்வி: பரோட்டா மாஸ்டர் நான். இரவு ஷிப்டில் ஓயாமல் மாவு வீச வேண்டும். வலது தோளின் பின்பக்கம் எரிகிறது. கூட்டம் குறையும் ஐந்து நிமிடத்தில் நின்றபடி செய்ய ஏதாவது? (வாசகர், 45, ஜூரோங்)

மாவை வீசுவது ஒரு வேலை; வீசிய கையைத் தடுத்து நிறுத்துவது இன்னொரு வேலை. தடுத்து நிறுத்துவது தோளின் பின்புறச் சுழல்தசைகள். எரிவது அதனால்தான்.

வலது கையை மார்பின் குறுக்கே கொண்டு போய், இடது கையால் மேற்கையைப் பிடித்து அணைத்து ஐந்து மூச்சு. வலது தோள் காதை நோக்கி எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு கைத்துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே செருகி, முழங்கையை 90 பாகை மடக்கி, புறங்கையால் கதவுச் சட்டத்தை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். சட்டமும் நகராது, கையும் நகராது. பாதி பலம் போதும். பத்து விநாடி, ஐந்து முறை. எரிச்சல் அடங்க முதலாவது. நாளடைவில் தசை தாங்க இரண்டாவது. கடைசியாக இரு கைகளையும் பின்னால் கோத்து, மார்பை விரித்து, மூன்று நீண்ட மூச்சு.

வீசும் மேடை முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். அதைவிட உயரம் என்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் தோளைத் தூக்குகிறீர்கள். காலுக்கடியில் வழுக்காத, ஆடாத பலகை ஒன்று போட்டுப் பாருங்கள். மாவு உருண்டைகள் இருக்கும் தட்டையும் பின்னாலோ எட்டத்திலோ வைக்காமல் கைக்கெட்டும் முன்பக்கத்தில் வையுங்கள். ஒரு ஷிப்டில் அந்த எட்டல் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி: கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு ஆசனம் செய்தால் பலன் கூடுமா? இரத்த அழுத்தம் உண்டு. தோள் வலிக்குச் சர்வாங்காசனம் நல்லது என்று ஒருவர் சொன்னார். (வாசகர், 67, பிடோக்)

தைலம் தோலில் குளிர்ச்சியும் சூடும் காட்டி வலியுணர்வை மறைக்கும், இறுக்கத்தை நீக்காது. ஆசனத்துக்கு முன் தேய்த்தால், எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வது காதில் விழாது. முடித்த பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்கள், மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலங்களை மருத்துவரைக் கேட்காமல் அடிக்கடி பூசக் கூடாது.

சர்வாங்காசனம் உங்களுக்கு வேண்டாம். பெயர்தான் தோளில் நிற்பது. எடை கழுத்தில் இறங்கும். இரத்த அழுத்தமும் கண் அழுத்த நோயும் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே சரி. சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்து, இடுப்பு தரையிலேயே இருக்க ஐந்து நிமிடம் படுத்திருங்கள்.

கேள்வி: கட்டுமான வேலை. அண்ணாந்து கூரையில் துளை போடுவது அதிகம். கழுத்தும் தோளும் இறுகி, இரவில் வலது கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்துப் போகின்றன. தங்குவிடுதியில் அடுக்குக் கட்டில் அளவுக்குத்தான் இடம். (வாசகர், 29, துவாஸ்)

தம்பி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து மரத்தால் கழுத்தில் ஆறாவது நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும், துளைக் கருவியின் அதிர்வாலும் இப்படி வரலாம். எதுவென்று கடிதத்தில் சொல்ல முடியாது. விடுதிக்கான மருத்துவ நிலையத்தில் காட்டுங்கள். செய்யும் வேலை என்ன, நாளுக்கு எத்தனை மணி நேரம் அண்ணாந்து நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கையில் பிடித்த பொருள் நழுவினாலோ, இரு கைகளும் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ அன்றே போக வேண்டும்.

அதுவரை அண்ணாந்து பார்க்கும் ஆசனங்கள் வேண்டாம். புஜங்காசனத்தில் தலையைப் பின்னே சாய்க்காதீர்கள், மத்ஸ்யாசனம் கூடவே கூடாது. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவதையும் விடுங்கள். செய்ய வேண்டியது சிறியது: கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கீழே குனியாமல் நேராகப் பின்னே தள்ளுங்கள். இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல. மூன்று விநாடி, எட்டு முறை. விரல் மரப்பு குறைந்தால் தொடரலாம், கூடினால் நிறுத்திவிடுங்கள். பிறகு கட்டில் கம்பத்தில் முன்கையை ஊன்றி, முழங்கை தோளைவிடச் சற்றுக் கீழே இருக்க, அதே பக்கத்துக் காலை முன்னே வைத்து மார்பை லேசாகத் திருப்புங்கள். 30 விநாடி, இருபுறமும். கை மரத்தால் கையை இன்னும் இறக்குங்கள்.

வேலையில், முடிந்தால் ஏணியிலோ மேடையிலோ ஒரு படி உயரமாக நின்று, கருவி முகத்துக்கு முன்னால் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை இறக்கி, தலையைக் குனிந்து பத்து மூச்சு விடுங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டு, அண்ணாந்து செய்யும் வேலையையும் தரை வேலையையும் இன்னொருவரோடு மாறி மாறிச் செய்ய முடிந்தால் நல்லது.

இரவில் கையைத் தலைக்கு மேல் மடித்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் மாற்றுங்கள். கைத்துண்டைச் சுருட்டித் தலையணை உறைக்குள், கழுத்து படும் ஓரத்தில் செருகிக்கொள்ளுங்கள். இடது பக்கமாகப் படுத்து, மடித்த சட்டைகளையோ இன்னொரு தலையணையையோ மார்போடு அணைத்து, வலது கையை அதன் மேல் வையுங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும்.